பழைய கண்காட்சி மாளிகைப் புகைப்படத்தைப் படிப்பது எப்படி? கிரிஸ்டல் பேலஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் லண்டன் கிரிஸ்டல் பேலஸைத் தேடினால் நூற்றுக்கணக்கில் பழைய படங்கள் வரும். அவற்றில் பலவற்றின் கீழே "1851 மாபெரும் கண்காட்சி" என்று போட்டிருக்கும். நிதானமாகப் பார்த்தால் அவற்றில் நிறைய படங்கள் 1851ஐச் சேர்ந்தவையே அல்ல என்பது தெரியவரும். பல நாடுகளின் பொருள்களை வைத்து லண்டன் ஹைட் பார்க் பூங்காவில் நடந்த அந்தக் கண்காட்சி முடிந்ததும், அதற்காகக் கட்டிய கண்ணாடி மாளிகையைப் பிரித்து, தெற்கு லண்டனில் சிடனம் குன்றின்மேல் வேறு வடிவத்தில், இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். பெயர் அதேதான். படங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது கட்டடத்தைக் காட்டுகின்றன.

தலைப்பை நம்பாதீர்கள், கூரையைப் பாருங்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வருவது அதைத்தான். ஒரு கட்டடம் தன் வயதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. கொஞ்சம் பழகினால் நமக்கும் அது படிக்கத் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்: கட்டடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜோசப் பாக்ஸ்டன் தோட்டக்கலைஞராகத் தொழிலைத் தொடங்கியவர். சாட்ஸ்வொர்த் பண்ணை மாளிகையில் பெரிய பெரிய கண்ணாடிச் செடிவீடுகள் கட்டிப் பழகியவர். 1850 ஜூனில் டார்பி நகரில் ஒரு ரயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, மை ஒற்றும் தாளில் இந்த மாளிகையின் முதல் வரைவைக் கிறுக்கினார். அந்தத் தாள் இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1851 மே 1 அன்று கண்காட்சி திறந்துவிட்டது. அக்டோபரில் மூடுவதற்குள் சுமார் 60 லட்சம் வருகைகள் பதிவாகின.

எப்படி அவ்வளவு வேகம் சாத்தியமானது? எல்லாமே ஒரே அளவு. தூண், உத்தரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஆலையில் செய்து கொண்டுவந்து, இடத்தில் பூட்டினார்கள். ஒவ்வொரு கண்ணாடியும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடிகள். உள்ளே பொள்ளலான இரும்புத் தூண்களே கூரையின் மழைநீரைக் கீழே இறக்கும் குழாய்களாகவும் வேலை செய்தன. இந்த ஒரே அளவு என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் படியில் நமக்குப் பெரிய உதவியாக வரும்.

முதல் படி: நல்ல பிரதியைப் பிடியுங்கள்

வாட்ஸாப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அருங்காட்சியகத் தளங்களில் பெரிய அளவுக் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம் ஆகிய மூன்றிலும் முதலில் தேடிப் பாருங்கள். கோப்பை இறக்கி, திரையை நிறைக்கும் அளவுக்கு ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் ஓரங்களை வெட்டிவிட்ட பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். அட்டை, கையெழுத்து, முத்திரை எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும்.

அசல் அச்சு ஒன்றே உங்கள் கையில் இருந்தால் இன்னும் நல்லது. விளிம்பைப் பிடித்து எடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

இரண்டாம் படி: இது என்ன வகைப் பொருள்?

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், படம் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது படம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிகிறதா? அப்படியானால் அது புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சான பக்கம். அந்த வகை அச்சு 1880களின் பிற்பகுதிக்கு அப்புறம்தான் பரவியது. உள்ளே இருக்கும் காட்சி பழையதாக இருக்கலாம், தாள் பழையதில்லை.

வெள்ளித் தகடுபோலப் பளபளத்து, சாய்த்தால் உங்கள் முகமே தெரிகிறதா? அது டாகேரியோடைப். 1851 கண்காட்சியை மேயால் என்ற புகைப்படக்காரர் இந்த முறையில் எடுத்தார், ஒன்று கெட்டியில் இருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. டாகேரியோடைப்பில் பெரும்பாலும் இடம் வலமாக, வலம் இடமாகத் திரும்பியிருக்கும். பதாகையில் எழுத்து இருந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். பார்க்காமல் திசை சொல்லிவிடாதீர்கள்.

மங்கலாக, மினுமினுப்பே இல்லாமல், காகிதத்தின் நார் தெரிகிறதா? உப்புக் காகித அச்சு. 1851 கண்காட்சியின் நடுவர் அறிக்கைகளுக்காகப் ஃபெரியேவும் ஹியூ ஓவெனும் எடுத்த படங்கள் இந்த வகை. மெல்லிய பளபளப்போடு, வெளுப்பான இடங்கள் மஞ்சளடித்துப் போயிருந்தால் அது ஆல்புமென், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். 1850களின் நடுவிலிருந்து நூற்றாண்டின் கடைசி வரை இதுதான் ஆண்டது.

ஒரே அட்டையில் இரட்டைப் படம் என்றால் ஸ்டீரியோ அட்டை, அதற்கான பெட்டியில் வைத்துப் பார்த்தால் காட்சி ஆழத்தோடு தெரியும். 1851 கண்காட்சியில் ஸ்டீரியோ பெட்டியைப் பார்த்து விக்டோரியா ராணி ரசித்த பிறகு அது வீட்டுக்கு வீடு பரவியது. அட்டை லேசாக வளைந்திருந்தால் 1880களை ஒட்டியதாக அல்லது அதற்கும் பிந்தியதாக இருக்கும்.

இன்னொன்று. 1851ஐப் பற்றி அழகிய வண்ணப் படங்கள் உலவுகின்றன. அவை கல்லச்சு ஓவியங்கள். சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஓவியன் விரும்பியதைச் சேர்க்கலாம், விரும்பாததை விட்டுவிடலாம் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாம் படி: எந்தக் கட்டடம்? கூரையைப் பாருங்கள்

சரி, இப்போது படத்துக்குள் போவோம்.

ஹைட் பார்க் கட்டடம் மூன்று அடுக்குப் படிக்கட்டைப் போல இருந்தது. நீண்ட கூடத்தின் கூரை தட்டை. வளைவான கூரை ஒரே ஒரு இடத்தில்தான், நடுவில் குறுக்கே ஓடிய மண்டபத்தின்மேல். அந்த வளைவுக்கும் ஒரு காரணம் உண்டு. அங்கே நின்ற பெரிய எல்ம் மரங்களை வெட்ட மக்கள் எதிர்த்தார்கள். மரங்களை உள்ளே வைத்தே கட்டுவதற்காக 108 அடி உயரத்துக்கு வளைவு எழுப்பப்பட்டது. அந்த வளைவின் விலா, அதாவது கூரையைத் தாங்கும் வளைந்த சட்டம், மரத்தால் ஆனது.

சிடனம் கட்டடத்திலோ நீண்ட கூடமே முழுக்க வளைந்த கூரை. குறுக்கு மண்டபங்கள் மூன்று. நடுவில் இருப்பது 120 அடி அகலம், மிகப் பிரம்மாண்டம். விலா எல்லாம் இரும்புப் பின்னல். கட்டடம் சரிவில் நிற்பதால் தோட்டப் பக்கம் கீழே இன்னும் ஒரு தளம் தெரியும், அப்புறம் மேடைகள், படிக்கட்டுகள், நீரூற்றுகள்.

ஆக, வெளிப்படத்தில் ஒரே வளைவு, மற்றதெல்லாம் தட்டை என்றால் ஹைட் பார்க். வளைவுகள் அடுத்தடுத்து எழுந்தால் சிடனம். உள்படத்தில் நெடுங்கூடத்தின் உச்சி தட்டையாகவும், சுற்றிலும் நாடுகளின் பெயர்ப் பதாகைகளும், வெட்டாமல் விட்ட ஒரு பெரிய மரமும் இருந்தால் ஹைட் பார்க் என்று தைரியமாகச் சொல்லலாம். பனைகள், தொங்கும் பூக்கூடைகள், எகிப்து, கிரேக்கம், ஸ்பெயினின் அல்ஹாம்ப்ரா அரண்மனை என்று ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு முற்றம் தெரிந்தால் சிடனம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆஸ்லர் நிறுவனம் செய்த 27 அடி உயரப் படிகக் கண்ணாடி நீரூற்றை 1851இன் அடையாளமாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அதையும் சிடனத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நீரூற்று இருக்கிறது என்பதால் மட்டும் 1851 என்று எழுதிவிட்டால் தவறிவிடுவோம். எப்போதும் நீரூற்றைத் தாண்டி மேலே பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால்? நியூயார்க்கிலும் 1853இல் ஒரு கிரிஸ்டல் பேலஸ் கட்டினார்கள். அதன் நடுவில் குவிமாடம் உண்டு, 1858இல் எரிந்துபோனது. மியூனிக்கின் கண்ணாடி மாளிகை 1854ஐச் சேர்ந்தது, வளைந்த கூரையே இல்லை. லண்டனில் 1862 கண்காட்சிக் கட்டடத்துக்கு இரு கோடிகளிலும் இரண்டு பெரிய கண்ணாடிக் குவிமாடங்கள். பாரிஸ் 1889இன் இயந்திரக் கூடமாக இருந்தால் நடுவில் ஒரு தூண்கூட இருக்காது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு 110 மீட்டருக்கும் மேல் ஒரே தாவல். 1893 சிகாகோ என்றால் வெளியே இரும்பே கண்ணில் படாது, எல்லாம் வெள்ளை வெளேர் என்று கல்லைப்போல நிற்கும். அது கல் அல்ல, சாந்தும் சணல் நாரும் கலந்து பூசிய பூச்சு.

நான்காம் படி: அங்கணத்தை எண்ணுங்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தூணுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள இடத்தை அங்கணம் என்போம். "இரண்டு அங்கண வீடு" என்றாலே வீட்டின் அளவு புரிந்துவிடும். பாக்ஸ்டனும் அப்படித்தான் யோசித்தார். அவருடைய அங்கணம் 24 அடி. ஹைட் பார்க் மாளிகையின் நீளம் 1,848 அடி, 24ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 77 அங்கணம். அகலம் 408 அடி, அதாவது 17 அங்கணம். நெடுங்கூடத்தின் அகலம் 72 அடி, மூன்று அங்கணம். எங்கும் மிச்சம் விழாத கணக்கு.

இதனால் நமக்கு என்ன லாபம்? புகைப்படத்தில் தூரத்தை அளவுகோல் வைத்து அளக்க முடியாது, தூரம் போகப் போகப் பொருள் சுருங்கும். ஆனால் எண்ணலாம். கீழ்த்தளத்தில் சிலைகளும் அலமாரிகளும் தூண்களை மறைக்கும், அதனால் மேல் மாடத்தின் தூண்களை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் தூணிலிருந்து ஒரு சிலைவரை ஒன்பது அங்கணம் வந்தால் இடைவெளி 216 அடி. ஒரு மைய மண்டபத்தின் மூலைத் தூண் படத்தில் தெரிந்தால், அங்கிருந்து எண்ணி புகைப்படக்காரர் ஏறக்குறைய எங்கே நின்றார் என்றே கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளில் கட்டங்கள் போட்டுக்கொண்டு எண்ணினால் தப்பு வராது.

உயரத்துக்கும் ஒரு கைப்பிடி உண்டு. தூண்களை இணைக்கும் பின்னல் உத்தரத்தின் ஆழம் 3 அடி. மாடத்தில் யாராவது நின்றால் அவரையும் உத்தரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதுதான் அந்தக் கட்டடத்தின் பிரம்மாண்டம் நெஞ்சில் இறங்கும். வெறும் எண்ணாக "108 அடி" என்று படிக்கும்போது அது வராது.

சிடனத்திலும் அடிப்படை அளவு இதேதான், பழைய பாகங்களையே நிறையப் பயன்படுத்தினார்கள். அங்கே மேல் மாடத்தை நீளவாக்கில் எடுத்த ஒரு படம் உண்டு. வட்ட வட்டமான இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எங்கே முடிகிறது என்று கண் தேடும். எடுத்தவர் பிலிப் ஹென்றி டெலமாட்.

ஐந்தாம் படி: ஒளியும் நிறமும் செய்யும் மாயம்

அந்தக் காலத்து நெகட்டிவ் நீலத்தை மட்டும் நன்றாக உணரும், சிவப்பை ஏறக்குறைய உணராது. அதனால் வானம் எப்போதும் வெள்ளைத் தாள் போல வெறுமையாக இருக்கும். 1858இல் மதுரையை எடுத்த லின்னேயஸ் டிரைப் தன் நெகட்டிவ்மேல் மேகங்களைத் தானே தீட்டியதுகூட இந்த வெறுமையால்தான். ஆகவே கண்காட்சிப் படத்தில் அழகான மேகங்கள் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இது கட்டடத்துக்கும் பொருந்தும். ஹைட் பார்க்கின் உட்புறத்தை வடிவமைப்பாளர் ஓவென் ஜோன்ஸ் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று வண்ணமடித்திருந்தார். நீலம் அதிகம், சிவப்பு உத்தரங்களின் அடியில். புகைப்படத்தில் நீலம் வெளுத்துப் போய் வெள்ளையோடு கலந்துவிடும், சிவப்பு கறுத்துவிடும். உத்தரத்தின் அடியில் நிழல் என்று நாம் நினைப்பது சிவப்புப் பூச்சாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் வண்ணமாக்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லா இரும்பையும் சாம்பல் நிறமாக்கிவிடுகிறார்கள். பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

ஆட்கள் ஏன் இல்லை என்ற கேள்வியும் வரும். வெளிச்சம் பதிய விநாடிகள், சில நேரம் நிமிடங்கள் பிடித்தன. நடந்தவர்கள் பதியவில்லை, நின்றவர்கள் பதிந்தார்கள், தயங்கி நின்று நகர்ந்தவர்கள் ஆவிபோல ஒரு கறையாகத் தங்கினார்கள். 60 லட்சம் வருகைகள் பதிவான இடம் காலியாகத் தெரிவது அதனால்தான்.

நேரத்தையும் ஓரளவு சொல்லலாம். சிடனத்தின் தோட்ட முகம் கிழக்கு, தென்கிழக்கு பார்த்தது. அந்த முகத்தில் நேரடி வெயில் அடித்தால் காலை.

ஆறாம் படி: ஆண்டை நெருக்குங்கள்

சிடனம் என்று உறுதியானபின் ஆண்டுக்கு வருவோம். இருப்பதைவிட இல்லாதது நிறையச் சொல்லும்.

1852 ஆகஸ்டில் முதல் தூண் நின்றது. சாரமும் கயிறும் திறந்த விலாக்களும் தெரிந்தால் அதிலிருந்து 1854 ஜூன் 10, விக்டோரியா ராணி திறந்துவைத்த நாள் வரைக்குள் எடுத்தது. கட்டடத்தின் இரு கோடிகளிலும் பொறியாளர் பிரூனல் வடிவமைத்த மிக உயரமான நீர்க் கோபுரங்கள் 1856 வாக்கில் முடிந்தன. கோடி முழுசாகத் தெரியும் வெளிப்படத்தில் அந்தக் கோபுரம் இல்லை என்றால் அதற்கு முன்னால். "கோடி முழுசாகத் தெரியும்" என்பது முக்கியம். கோபுரம் சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கலாம் அல்லவா? நடு மண்டபத்தில் பிரம்மாண்டமான குழாய் ஆர்கன் இருந்தால் 1857 அல்லது அதற்கு அப்புறம், இசையமைப்பாளர் ஹாண்டெலின் பெயரில் நடந்த இசைவிழாவுக்காக வைத்தது அது. 1866 டிசம்பர் 30இல் வடக்கு மண்டபம் தீயில் அழிந்தது, திரும்பக் கட்டவே இல்லை. மூன்று மண்டபங்கள் இருந்தால் அதற்கு முன், இரண்டுதான் இருந்தால் அதற்குப் பின். கடைசியில் மொத்த மாளிகையும் 1936 நவம்பர் 30 இரவு எரிந்தது.

ஒரு பயிற்சி செய்வோம். ஸ்டீரியோ அட்டை ஒன்று, ஆல்புமென் அச்சு. வளைந்த கூரையின் கீழ் இரண்டு மாபெரும் எகிப்திய மன்னர் சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. அபு சிம்பெல் கோயிலின் உருவங்களைப் பார்த்துச் செய்தவை அவை, வடக்கு மண்டபத்தில் இருந்தன. வளைந்த கூரையால் ஹைட் பார்க் விலகிவிட்டது. சிலைகள் தீக்கு முந்தியவை. சாரம் இல்லை, ஆக மாளிகை திறந்தபிறகு. 1854க்கும் 1866க்கும் இடையில் என்று பத்தே நிமிடத்தில் வந்துவிட்டோம். தலைப்பில் 1851 என்று அச்சடித்திருந்தாலும் நாம் அசைய வேண்டியதில்லை.

ஏழாம் படி: கட்டியவர்களைத் தேடுங்கள்

சிடனத்தில் கட்டட வேலை நடந்த காலம் முழுக்க டெலமாட் தொடர்ந்து படம் எடுத்தார். 160 படங்கள் கொண்ட இரு தொகுதிகளாக 1855இல் அவை வெளிவந்தன. ஒரு பெரிய கட்டடம் எழுவதைப் புகைப்படம் இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்ந்தது அநேகமாக அதுதான் ஆரம்பம். ஈரக் கொலோடியன் முறை அப்போது புதிது, ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851 மார்ச்சில்தான் அதை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரத்தைத் தூசும் இரைச்சலும் நிறைந்த அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு செய்த வேலை.

அந்தப் படங்களில் ஓரங்களைப் பெரிதாக்குங்கள். எகிப்திய மன்னர்களை நிறுத்தும் காட்சியில் மனிதர்கள் சிலையின் பாதத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். தூண் அடியில் தொப்பியோடு யாராவது சாய்ந்திருப்பார், மரக்கட்டைக் குவியலின்மேல் யாராவது உட்கார்ந்திருப்பார். படம் பதியும் வரை அசையாமல் இருந்ததால் முகம் தெளிவாக இருக்கும். 1853 ஆகஸ்டில் நடு மண்டபத்துச் சாரம் சரிந்து 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் எடுத்த படத்தில் நிற்பவர்களில் யார் தப்பினார், யார் போனார் என்று படம் சொல்லாது. ஆனாலும் அந்த முகங்களில் என் கண் எப்போதும் நின்றுவிடுகிறது.

எட்டாம் படி: எழுதிவையுங்கள்

கடைசியாகத் தலைப்பை எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள். எந்தச் சான்றால் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வருபவர் உங்கள் கணக்கைச் சரிபார்க்கட்டும். அருங்காட்சியகத்தின் பதிவு எண் இருந்தால் அதையும் போடுங்கள். அசல் தலைப்பு தவறு என்று தோன்றினால் அதை அழிக்காமல், பக்கத்தில் உங்கள் திருத்தத்தை எழுதுங்கள், அந்தத் தவறுக்கும் ஒரு வரலாறு உண்டு.

நாம் பார்த்த அட்டைக்கு நான் இப்படி எழுதுவேன்:

"கிரிஸ்டல் பேலஸ், சிடனம், லண்டன். வடக்கு மண்டபத்தின் உட்புறம், எகிப்திய மன்னர் சிலைகளுடன். ஸ்டீரியோ அட்டை, ஆல்புமென் அச்சு. 1854 ஜூனுக்கும் 1866 டிசம்பருக்கும் இடையில்: வளைந்த நெடுங்கூரை, சாரம் இல்லை, தீக்கு முந்திய சிலைகள். எடுத்தவர் பெயர் அட்டையில் இல்லை. அட்டையில் அச்சிட்ட தலைப்பு '1851' என்கிறது."